கப்பல் அனுப்பினால் பகை வருமா?

கேள்வி: போர்த்துக்கேயர் வசமிருந்த கிழக்குத் திமோரில் 1975இல் சண்டை மூண்டபோது, பொதுமக்களை வெளியேற்ற அவுஸ்திரேலியா உதவியது. அது இந்தோனேசியாவின் பகையைத் தேடிக்கொள்ளும் செயல் அல்லவா? அயல்வீட்டுச் சண்டையில் ஒதுங்கி நிற்பதுதானே ராஜதந்திரம்?
– வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். ஓகஸ்ட் 11இல் திமோரியக் கட்சிகளில் ஒன்றான யுடிடி (திமோரிய ஜனநாயக ஒன்றியம்) தலைநகர் டிலியில் ஆட்சியைப் பிடிக்க எழுந்தது. சுதந்திரம் கோரிய எதிர்க்கட்சியான பிரெட்டிலின் திருப்பி அடித்தது. மாதம் முடிவதற்குள் போர்த்துக்கேய ஆளுநர் எதிரே உள்ள அட்டாரோ தீவுக்கு ஒதுங்கிவிட்டார். பிறகு யாரிடம் அனுமதி கேட்பது? படையோடு போனால், போர்த்துக்கேயரின் இடத்தைப் பிடிக்க வருகிறார்கள் என்று ஜகார்த்தா சொல்லும். ஏறுகிறவர் அகதியா, ஆயுததாரியா என்பதும் தெரியாது. செப்டெம்பர் 4இல் செஞ்சிலுவைப் பணிக்காகத் திமோரின் பௌக்காவ் நகரில் நின்ற அவுஸ்திரேலிய விமானப்படையின் கரிபோ விமானத்தை யுடிடி ஆட்கள் துப்பாக்கி முனையில் டார்வினுக்குத் திருப்பினார்கள்.

அதற்காக மக்களைக் கரையிலேயே விட்டுவிடுவதா? போர்த்துக்கல் தலைநகர் லிஸ்பனுக்கும் ஜகார்த்தாவுக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். இறங்குதுறையில் ஆயுதத்தைக் களைந்து ஏற்றுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் கோபிக்கிறவர் கோபிக்கட்டும். நோர்வேச் சரக்குக் கப்பலொன்று ஆயிரத்துக்கு மேற்பட்டோரை டார்வினில் இறக்கியது; அதற்காக ஜகார்த்தா உறவை முறிக்கவில்லை. டிசெம்பர் 7இல் இந்தோனேசியா டிலிக்குள் படை இறக்கியதும்கூட அகதிகளை ஏற்றிய கோபத்தில் அல்ல. அதற்கு ஓராண்டு முன்பே, 1974 செப்டெம்பரில், ஜாவாவின் வொனொசோபோவில் அவுஸ்திரேலியப் பிரதமர் விட்லம், திமோர் இந்தோனேசியாவுடன் சேர்வதையே தாம் விரும்புவதாக இந்தோனேசிய ஜனாதிபதி சுகார்த்தோவிடம் சொல்லியிருந்தார். பக்கச்சார்பு என்று எதையாவது சுட்டுவதானால் அந்தப் பேச்சைச் சுட்டுங்கள். குழந்தைகளைக் கப்பலில் ஏற்றியதைச் சுட்டாதீர்கள்.

வெள்ளவத்தையிலிருந்து இந்தக் கேள்வி வந்ததால் இதையும் சொல்கிறேன். 1983 ஜூலைக் கலவரத்தின் பின் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமிலிருந்து எங்களைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். காங்கேசன்துறைக்குப் புறப்பட நின்றது 'லங்கா கல்யாணி' என்ற சரக்குக் கப்பல். தளத்து இரும்பு வெயிலில் கொதித்தது. அம்மா சேலைத் தலைப்பை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் தம்பியை இருத்தினார். அதே நாட்களில் இந்தியாவும் கப்பல் அனுப்பியது. டில்லியின் உள்நோக்கம் என்ன என்று கொழும்பில் பலர் பேசினார்கள். முகாமில் இருந்தவர்கள், அடுத்த கப்பல் எப்போது என்றுதான் கேட்டார்கள்.