சுற்றும் முன் சொல்லட்டும்

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குக் கூம்பு, உருளை சூத்திரமெல்லாம் மனப்பாடம். ஆனால் கணக்கென்று வந்தால் உயரத்தைப் போட வேண்டிய இடத்தில் சாயுயரத்தைப் போட்டுவிடுகிறாள். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளின் முப்பரிமாணச் செயலியைப் போட்டுக் கொடுத்தேன். உருவத்தை இப்படியும் அப்படியும் சுற்றிப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறாள். இதனால் பயன் உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு. ஆனால் வெறுமனே சுற்றினால் ஒன்றும் நிற்காது. இத்தனை வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்ததில் நான் விடாமல் பிடித்துக்கொண்ட பழக்கம் இதுதான்: திரையில் விரல் வைக்கும் முன், அடுத்து என்ன தெரியும் என்று பிள்ளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் சுற்ற வேண்டும்.

புத்தகப் படத்தில் கூம்பின் உயரம் உள்ளே ஒரு புள்ளிக்கோடு. கண் முதலில் பிடிப்பது வெளி ஓரத்தை. அதுவே உயரம் என்று மனதில் உட்கார்ந்துவிடுகிறது. ஆகவே ஆரம் 3, உயரம் 4 வைத்து ஒரு கூம்பு வரையச் சொல்லுங்கள். உச்சியிலிருந்து அடிவட்ட மையத்துக்கு ஒரு கோடு, மையத்திலிருந்து வட்டத்துக்கு ஒன்று, அங்கிருந்து மறுபடி உச்சிக்கு ஒன்று; இந்தச் சாய்ந்த கோடுதான் சாயுயரம். மூன்றுக்கும் மூன்று நிறம். இப்போது கேளுங்கள்: "நேர் மேலே இருந்து பார்த்தால் இதில் எந்தக் கோடு காணாமல் போகும்?" சொல்லட்டும், பிறகு சுற்றட்டும். உயரம் ஒரே புள்ளியாகச் சுருங்கிவிடும். சாயுயரம் ஆரத்தின் மேலேயே போய்ப் படுத்துக்கொள்ளும். இதைத் தன் கையால் பார்த்த பிள்ளைக்கு இரண்டும் வேறு வேறு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பக்கவாட்டில் திருப்பினால் 3, 4, 5 செங்கோண முக்கோணம் கண்ணெதிரே நிற்கும்.

அன்றைக்கே தாளையும் எடுங்கள். 5 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில் 216 டிகிரி அளவுக்கு வெட்டியெடுத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்துச் சுருட்டினால் திரையில் பார்த்த அதே கூம்பு கையில் இருக்கும். வளைபரப்புக்கு ஏன் சாயுயரம் தேவைப்படுகிறது என்பதும் அதிலேயே விளங்கிவிடும்.

நேரமிருந்தால் கனசதுரத்தையும் வெட்டிப் பாருங்கள். எதிரெதிர் உச்சிகளைச் சேர்க்கும் மூலைவிட்டத்துக்குச் செங்குத்தாக, அதன் நடுப்புள்ளி வழியே ஒரு தளம். என்ன வடிவம் வரும்? முக்கோணம், சதுரம் என்றுதான் பிள்ளைகள் பெரும்பாலும் சொல்வார்கள். வருவது ஒழுங்கு அறுகோணம்! தேர்வுக்கு இது வராமல் போகலாம், ஆனாலும் விடாதீர்கள்.

கேள்வி: என் பையனுக்கு எட்டு வயது. இப்போதே இதையெல்லாம் காட்டலாமா?

பதில்: முதலில் ஒரு காலி அட்டைப்பெட்டியை அவனே பிரித்து விரிக்கட்டும். அதற்குப் பிறகு திரை. ஜியோஜீப்ராவில் கனசதுரத்தை விரிக்கும் கருவி இருக்கிறது; ஸ்லைடரை நகர்த்தினால் ஆறு முகமும் மெல்ல விரிந்து தரையில் படுக்கும். கனசதுரத்தை இப்படி 11 விதமாக விரிக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் தேட வேண்டாம். இரண்டு வரிசையில் மும்மூன்றாக ஆறு சதுரம் வரைந்து கொடுத்து, இதை மடித்தால் பெட்டியாகுமா என்று கேளுங்கள். ஆகாது. அதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அவனே வெட்டி மடித்துப் பார்க்கட்டும்.