கோடையில் ஆர்க்கிடெக்ட் ஆபீஸுக்குப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

மதுரையில் நாலு பேர் வேலை பார்க்கிற சின்ன ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் நடத்துகிறேன். கோடை நெருங்கினால் பி.ஆர்க் என்கிற கட்டிடக்கலைப் பட்டம் படிக்கிற பிள்ளைகளிடமிருந்து கேள்விகள் குவியும். இந்த முறை வந்தவற்றுக்குச் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் வருஷம் முடிக்கப்போகிறேன் அக்கா. என்னைச் சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்வார்கள். பெரிய ஆபீஸ்களில்தான் கஷ்டம். கல்லூரியே ஒரு செமஸ்டர் முழுக்க அனுப்புகிறதே, அந்தப் பிராக்டிகல் டிரெயினிங் பிள்ளைகளைத்தான் அங்கே விரும்புவார்கள். ஆறு வாரத்துக்கு வருகிறவர் வேலை பிடிபடுவதற்குள் கிளம்பிவிடுவார். உங்கள் ஊரிலேயே நாலைந்து பேர் இருக்கிற இடமாகப் பாருங்கள். மெயிலை பிப்ரவரியிலேயே போட்டுவிடுங்கள்.

நம் வரைபடங்களைத் தொகுத்துக் காட்டுகிற போர்ட்ஃபோலியோவில் என்ன வைக்கலாம்? ரெவிட் என்கிற கட்டிட வரைபட மென்பொருள் தெரியாவிட்டால் பரவாயில்லையா?

பத்துப் பன்னிரண்டு பக்கம் போதும். கம்ப்யூட்டரில் செய்த பளபளக்கிற ரெண்டர் படங்களை நான் வேகமாகத் தள்ளிவிடுவேன். பாட்டி வீட்டை டேப் பிடித்து அளந்து, கையால் வரைந்த பிளான் ஒன்று இருந்தால் அந்தப் பக்கத்தில் நின்றுவிடுவேன். பிளான் வரைகிற ஆட்டோகேட் மென்பொருள் தெரிந்தால் போதும். ரெவிட் எங்கள் ஆபீஸிலேயே இல்லை.

போன கோடையில் மூன்று வாரம் பாத்ரூம் டீட்டெயில் மட்டுமே வரைந்தேன். டிசைன் தரவே மாட்டார்களா?

சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே தம்பி. அஞ்சுக்கு எட்டு அடி பாத்ரூமில் ஸ்லாபை எவ்வளவு இறக்குவது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், தரைத் தண்ணீர் வடிகிற நானி டிராப் டைலின் மூலையில் வருமா நடுவில் வருமா என்று எத்தனை முடிவுகள் எடுக்க வேண்டும்! என் முதல் பாத்ரூமில் இரண்டரை அடிக் கதவு உள்பக்கம் திறக்கும்படி வரைந்து, அதன் பின்னாலேயே வாஷ்பேசினை வைத்திருந்தேன். மேஸ்திரி ஒன்றும் திட்டவில்லை. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, எங்கிருந்தோ ஒரு பழைய கதவைத் தூக்கி வந்து, "இங்க நின்னு கை கழுவுங்க பார்ப்போம்" என்றார். கதவு வந்து முழங்கையில் இடித்தது. அதற்கப்புறம் கதவு திறக்கிற வளைவைப் போடாமல் நான் ஒரு பிளானும் வரைந்ததில்லை.

சைட்டுக்குப் போனால் என்ன பார்க்க வேண்டும்?

டேப்பை எடுத்துப் படிக்கட்டை அளந்துபாருங்கள். வீட்டுப் படியின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, கால் வைக்கிற மிதிபடி 250க்குக் குறையக்கூடாது என்கிறது 2016 தேசியக் கட்டிட விதித்தொகுப்பு. அது புத்தகத்திலேயே இருக்கிறது. சைட்டில் பார்க்க வேண்டியது முதல் படியை. கான்கிரீட் போடும்போது எல்லாப் படியும் 6 அங்குலம். பிறகு தரையில் கலவையும் டைலுமாக 3 அங்குலம் ஏறும், படி மேல் கிரானைட் ஒரு அங்குலம்தான் ஏறும். முதல் படி மட்டும் 4 அங்குலமாகிவிடும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அங்கே தடுமாறுவார்கள்.

அப்புறம், செருப்போடு போகாதீர்கள். கான்கிரீட்டைத் தாங்க அடிக்கிற சென்டரிங் பலகையின் ஆணி காலைப் பதம் பார்த்துவிடும்.

சம்பளம் கேட்கலாமா அக்கா?

கூச்சப்படாமல் கேளுங்கள். நான் படிக்கும்போது ஓர் ஆபீஸில், "கத்துக்கிறதே பெருசும்மா" என்று இரண்டு மாதம் பஸ் காசுகூடத் தராமல் வேலை வாங்கினார்கள். சான்றிதழுக்கு இன்னும் மூன்று வாரம் நடந்தேன். தொகை, வேலை நேரம், சான்றிதழ் மூன்றையும் சேருவதற்கு முன்னாலேயே மெயிலில் எழுதி வாங்கிவிடுங்கள்.

ஆரோவில் போகலாமா, சென்னையா?

மண் கட்டிடத்தில் ஆசை இருந்தால் ஆரோவில். அங்கே எர்த் இன்ஸ்டிட்யூட்டில் மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, அழுத்திக் கல்லாக்குகிறார்கள். சூளையே கிடையாது. பார்வையாளர் மையமே அந்தக் கல்லில் எழும்பியதுதான், ஒரு நாள் போய்த் தொட்டுப் பாருங்கள். அப்ரூவல், கிளையண்ட், கான்ட்ராக்டர் பஞ்சாயத்து எல்லாம் பார்க்க வேண்டுமென்றால் சென்னை. மூன்றாம் வருஷப் பிள்ளை என்றால் நான் முதலில் சென்னைக்குத்தான் அனுப்புவேன்.