சுவிட்சைப் போட்ட பிறகு ஒரு குறிப்பு

அன்புள்ள சார்,

நாமக்கல் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ்வழி. முதலாண்டில் புரொஃபஷனல் இங்கிலீஷ் இரண்டு தாளிலும் நல்ல மதிப்பெண்தான். ஆனால் இந்த விடுமுறையில் ஒரு ஃபவுண்டரியில் (உலோக வார்ப்பு ஆலை) இரண்டு வாரம் பயிற்சி முடித்துவிட்டு அறிக்கை எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கம்கூட நகரவில்லை. கடைசியில் சீனியர் ஒருவரின் அறிக்கையைப் பார்த்து மாற்றி எழுதிக் கொடுத்தேன். நீங்கள் கையேடு எழுதுவதையே வேலையாகச் செய்தவர் என்பதால் கேட்கிறேன். இப்படித் தொழில்நுட்ப விஷயங்களை எழுதுவதைக் கல்லூரியில் கற்றுக்கொள்ள முடியுமா? என் ஆங்கிலம்தான் குறை என்கிறார்கள் நண்பர்கள். பணம் கட்டி ஆன்லைன் சான்றிதழ் படிப்பில் சேரலாமா?

க.

அன்புள்ள க.,

பார்த்து எழுதியதை மறைக்காமல் சொன்னீர்களே, அதற்கு நன்றி. நானும் அப்படித்தான் எழுதினேன். எங்கள் கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை அண்ணன் ஒருவர் இருந்தார். பழைய அறிக்கைகள் எல்லாம் அவர் கம்ப்யூட்டரில் இருக்கும். பெயரையும் வருடத்தையும் மாற்றி ஸ்பைரல் போட்டுக் கொடுத்துவிடுவார். என் நண்பன் ஒருவனின் நன்றியுரையில் எப்போதோ ஓய்வு பெற்றுப்போன துறைத்தலைவர் பெயர் அப்படியே இருந்தது. மதிப்பெண் வந்துவிட்டது. ஒருவரும் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் சிக்கலும் ஆங்கிலம் இல்லை, இதுதான் என்று நினைக்கிறேன். அண்ணா பல்கலைக்கழகத் தேர்வில் வரும் 'எட்டு அறிவுறுத்தல்கள் எழுதுக' கேள்வி நினைவிருக்கும். தீ விபத்தின்போது என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறோம். ஆறுக்கு மேல் ஒன்றும் தோன்றாது. ஏழாவதாக 'பதற்றப்படாதீர்கள்', எட்டாவதாக 'விழிப்புடன் இருங்கள்'. திருத்துபவர் எண்ணிப் பார்ப்பார், எட்டு இருக்கும். அதை வைத்துக்கொண்டு யாரும் தீயை அணைக்கப் போவதில்லை. எழுதும் நமக்கும் அது தெரியும்.

என் முதல் வேலை கோவையில் ஒரு பம்பு கம்பெனியில். மோனோபிளாக் பம்புக்குக் கையேடு எழுதினேன், ஆங்கிலத்திலும் தமிழிலும். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை என்று பெருமை வேறு. கொஞ்ச நாளில், தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் எரிந்துபோய் ஒரு பம்பு திரும்பி வந்தது. சர்வீஸ் ஆளோடு நானும் போனேன். வாங்கியவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், புதிதாகத் தோட்டம் வாங்கியிருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையேட்டை விரித்து விரல் வைத்துக் காட்டினார்.

"அஞ்சாவதுல ஸ்டார்ட்டரைப் போடச் சொல்றீங்க, போட்டேனுங்க. அதுக்குக் கீழ, போடறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்தி காத்தை எடுக்கணும்னு குறிப்புப் போட்டிருக்கீங்களே தம்பி?"

ஐந்தாவது வரிக்குக் கீழே கட்டம் கட்டி, தடித்த எழுத்தில், நான்தான் போட்டிருந்தேன். பம்புக்குள் நீர் இல்லாமல் ஓடினால் சீல் சூடேறிக் கெடும். அக்கம்பக்கத்து விவசாயிகள் யாருக்கும் இந்தச் சேதம் வரவில்லை, அவர்கள் கையேட்டைப் பிரிப்பதே இல்லை. எழுதியதை நம்பி வரிவரியாகச் செய்தவருக்குத்தான் வந்தது. அன்றைக்கு அவர் எனக்குக் காப்பி வேறு கொடுத்தார்.

இது சின்ன விஷயம். பெரிய விஷயத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் கிளம்பியபோது நுரைத்துண்டு ஒன்று உடைந்து இடது இறக்கையில் மோதியது. கலம் மேலே இருக்கும்போதே பொறியாளர்கள் ஆராய்ந்து பவர்பாயிண்ட் ஸ்லைடுகள் தயாரித்தார்கள். அதில் ஒன்றின் தலைப்பைப் படித்தால் பயப்பட ஒன்றுமில்லை என்ற எண்ணம்தான் வரும். பொடி எழுத்தில் கடைசி வரியில்தான் விஷயம் இருந்தது: சோதனைகளில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம், மோதியதோ 1920 கன அங்குலம் என்று கணிப்பு. 600 மடங்குக்கும் மேல்! பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது கலம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஸ்லைடு மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விசாரணைக் குழு தன் அறிக்கையில் அதையே எடுத்துப் போட்டு, தொழில்நுட்ப அறிக்கை எழுத வேண்டிய இடத்தில் ஸ்லைடு போடும் வழக்கத்தைக் கண்டித்தது.

சரி, ஆங்கிலத்துக்கு வருவோம். விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென்று 1980களில் ஒரு விதித்தொகுப்பு உருவானது. இன்று அதற்கு ஏஎஸ்டி-எஸ்டிஇ100 (ASD-STE100) என்று பெயர். பொதுச்சொற்கள் சுமார் 900தான், அப்புறம் துறைச்சொற்கள். செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது. 'ஃபாலோ' என்றால் 'பின்னால் வருவது' மட்டும். விதியைப் பின்பற்றுவதற்கு 'ஒபே' என்றுதான் எழுத வேண்டும். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத மெக்கானிக்குகள் குழம்பிவிடக் கூடாதே என்றுதான் இத்தனை கெடுபிடி. பெரிய ஆங்கிலம் தெரிந்தவர்கள் கஷ்டப்பட்டுத் தங்களைச் சுருக்கிக்கொண்டு வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில்தான் நீங்கள் ஏற்கெனவே நிற்கிறீர்கள்.

படிப்பில் சேர்வது உங்கள் விருப்பம். பணம் கட்டுவதற்கு முன் கூகுள் இலவசமாக வைத்திருக்கும் டெக்னிகல் ரைட்டிங் பாடங்களைப் பாருங்கள். மென்பொருள்காரர்களுக்கானது, ஆனாலும் வாக்கியத்தைச் செதுக்கும் பகுதி உங்களுக்கும் உதவும்.

கல்லூரியில் கற்க முடியுமா என்றால், முடியும், ஆனால் வகுப்பில் அல்ல. உங்களுக்கு லேப் இருக்கிறது, ஜூனியர்கள் இருக்கிறார்கள். லேத்தில் வேலைத்துண்டைச் சரியாக மையப்படுத்துவது எப்படி என்று ஒரு பக்கம் எழுதி, லேப் உதவியாளரைக் கூடவே நிற்கச் சொல்லி, முதலாண்டுப் பையன் ஒருவனிடம் கொடுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள், வாயைத் திறக்காதீர்கள். இதுதான் கஷ்டம். அவன் தயங்கும் இடத்தில் எல்லாம் பென்சிலால் ஒரு கோடு. மூன்று பேரிடம் கொடுத்தால் உங்கள் பக்கம் கோடாக நிறைந்திருக்கும்.

இன்னொன்று, அறிக்கையை முன்னாலிருந்து எழுதத் தொடங்காதீர்கள். நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களில் 'சென்று தேய்ந்து இறுதல்' என்று ஒன்றை நன்னூல் சொல்கிறது. நம் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்களைப் பார்த்தே சொன்ன மாதிரி இருக்கும்: முன்னுரை இருபது பக்கம், செய்து பார்த்தது இரண்டு பக்கம், முடிவு அரைப் பக்கம். உங்கள் கண்ணால் பார்த்ததை முதலில் எழுதுங்கள். ஃபவுண்டரியின் வரலாறு இல்லாவிட்டால் யாரும் அழப் போவதில்லை.

கொடுத்த அறிக்கை கொடுத்ததாகவே இருக்கட்டும். அந்த இரண்டு வாரத்தில் பார்த்த ஒரே ஒரு வேலையை, மணல் கலப்பதோ அச்சு கட்டுவதோ, ஒரு பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள். தமிழில் எழுதினாலும் சரி. நான் ஃபவுண்டரிக்குள் கால் வைத்ததே இல்லை, எனக்குப் புரியாத இடத்தைக் கோடு போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.