குரூப் 4-ஆ, கணக்கு வேலையா?

பி.காம். கடைசி வருஷம், அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படிப்பதா, டேலி என்ற கணக்கு மென்பொருளைக் கற்றுக்கொண்டு வேலைக்குப் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. இரண்டு வாரம் முடிவெடுக்காதீர்கள். தினமும் ராத்திரி நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள்: எதில் நேரம் போனதே தெரியவில்லை, எதைத் தள்ளிப்போட்டீர்கள். ‘சோம்பல்’ என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. ‘பேலன்ஸ் ஷீட் ஒத்துவரவில்லை, மூடிவைத்துவிட்டேன்’ என்று எழுதுங்கள்.

ஒரு ஞாயிறு, போனை அணைத்துவிட்டு பழைய வினாத்தாளை எழுதிப் பாருங்கள்: 200 கேள்வி, 3 மணி நேரம். தமிழ் மதிப்பெண்ணைத் தனியாகக் கூட்டுங்கள். அதில் 150-க்கு 60 வராவிட்டால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். லீவில் ஒரு வாரம் உள்ளூர் ஆடிட்டர் ஆபீஸில் உட்காரக் கேளுங்கள், பில் பதியும் வேலையாவது கிடைக்கும்.

பலர் சறுக்குவது இலக்கு எழுதுவதில்தான். ‘பாஸாகணும்’ போதாது, ‘20-ஆம் தேதிக்குள் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம்’ என்று எழுதுங்கள்.