அமெரிக்க வரி ஜாப் ஒர்க் யூனிட்டுக்குள் எந்த வழியாக நுழைகிறது?

கேள்வி: திருப்பூரில் 25 மெஷின் போட்டு, பிற கம்பெனிகளுக்குக் கூலிக்கு (ஜாப் ஒர்க்) டி-சர்ட் தைத்துக் கொடுக்கிறேன். நேரடி ஏற்றுமதி கிடையாது, நூலும் வாங்குவதில்லை. ஆனாலும் அமெரிக்கா வரி போட்டால் வேலை குறைகிறது. நூல் விலை ஏறினால் பேமெண்ட் தள்ளிப்போகிறது. என் கையில் இல்லாத இந்த விஷயங்களை எப்படிச் சமாளிப்பது?

பதில்: முதலில் ஒரு தாளில் உங்களுக்கு வேலை தரும் கம்பெனிகளின் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அந்தச் சரக்கு எந்த நாட்டுப் பையருக்கு (வாங்குபவருக்கு) போகிறது என்று குறியுங்கள். நாலு பார்ட்டி இருக்கிறார்கள் என்ற தைரியத்தில் பலர் இருக்கிறார்கள். நாலு பேரும் அமெரிக்காவுக்கே அனுப்பினால் உங்களுக்கு இருப்பது ஒரே பார்ட்டிதான்.

2025 ஆகஸ்ட் 6 அன்று இந்தியப் பொருட்களுக்கு மேலும் 25% வரி என்று அமெரிக்கா அறிவித்தது. 27-ம் தேதி அது அமலானபோது மொத்தக் கூடுதல் வரி 50% ஆகிவிட்டது. பருத்தி டிசர்ட்டுக்கு எப்போதும் இருக்கும் 16.5% தனி. கிடைத்த அவகாசம் மூன்று வாரம். வெட்டிய துணி டேபிளில் கிடக்கும்போதே கணக்கு மாறிவிடும். பையர் விலையைக் குறைக்கச் சொல்வார். ஏற்றுமதியாளரால் நூல் மில்லிடமோ சாயப்பட்டறையிடமோ பெரிதாகப் பேரம் பேச முடியாது, தையல் கூலியில் பேச முடியும். ஆக, அடி உங்களுக்கு வரியாக வராது. கூலிக் குறைப்பாக, அதற்கும் முன்பே பேமெண்ட் தாமதமாக வரும்.

அதனால் டிவி செய்தியைவிட உங்கள் பில் புத்தகம் நல்ல எச்சரிக்கை. ஒவ்வொரு பார்ட்டியும் பில் போட்ட எத்தனை நாளில் பணம் தருகிறார் என்று மாதாமாதம் குறித்து வையுங்கள். முப்பது நாள் ஐம்பதானால், அவர் வாய் திறக்காவிட்டாலும் அங்கே ஏதோ சரியில்லை.

நூல் கதை வேறு. மில்கள் பெரும்பாலும் மாதத் தொடக்கத்தில் விலை அறிவிக்கும். ஏறுமுகத்தில் இருந்தால் பழைய விலைக்கு ஆர்டர் எடுத்தவர் புரோகிராமை (உற்பத்தி வேலையை) நிறுத்தி வைப்பார், உங்கள் மெஷின் சும்மா நிற்கும். 2022 மே மாதம் நூல் விலையை எதிர்த்துத் திருப்பூரே இரண்டு நாள் கதவடைத்தது நினைவிருக்கும்.

சட்டமும் நீதிமன்றமும் திடீரென்று பாய்வதாகத் தோன்றும், ஆனால் அவைதான் அதிக நோட்டீஸ் கொடுப்பவை. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது 700-க்கும் மேற்பட்டவை ஒரே வீச்சில் நின்றன. சாயம் இல்லாமல் தையலும் முடங்கியது. ஆனால் நொய்யல் ஆற்றில் கழிவுநீர் ஒரு சொட்டும் விடக்கூடாது என்ற உத்தரவு 2006-லேயே வந்துவிட்டது. இடையில் நான்கு ஆண்டு. உங்கள் பார்ட்டி எந்தப் பட்டறையில் சாயம் போடுகிறார், அதற்குச் சுத்திகரிப்பு ஏற்பாடு உண்டா என்று தெரிந்து வைப்பது உங்கள் வேலையும்தான்.

பணத்துக்கு ஒரு பிடி உண்டு. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்தால், எழுத்து ஒப்பந்தப்படி அதிகபட்சம் 45 நாளில், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் உங்களுக்குப் பணம் வந்தாக வேண்டும். கெடு தாண்டிப் பாக்கி வைத்தால், பணம் கொடுக்கும் வரை அந்தத் தொகையைப் பார்ட்டி வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. இது 2023-24 நிதியாண்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம் நியாயமானதே. புகார் வேண்டாம், உத்யம் எண்ணைப் பில்லிலேயே அச்சடியுங்கள். மார்ச் மாதம் அவருடைய ஆடிட்டரே போன் போட்டு நினைவுபடுத்துவார்.

கடைசியாக, திருப்பூரின் உள்நாட்டு ஆடைச் சந்தையான காதர்பேட்டை பக்கம் உள்நாட்டு வேலை தரும் ஒருவரையாவது பிடியுங்கள். கூலி குறைவுதான், கடனும் இழுக்கும். ஆனால் அந்த வேலை தீபாவளி, பொங்கலைப் பார்த்து ஓடுகிறது, வாஷிங்டனைப் பார்த்து அல்ல. ஏற்றுமதி ஆர்டர் நிறைந்திருக்கும் மாதத்திலும் நாலைந்து மெஷினை அதற்கென்று விட்டு வையுங்கள். வேலை இல்லாத நேரத்தில் மட்டும் போய் நின்றால் அவரும் கூலியை அடித்துத்தான் பேசுவார்.