எல்.டி.எச். 310: பயப்பட வேண்டுமா?

கேள்வி: என் கணவருக்கு (46) சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய். ஆறு மாதமாக இமாடினிப் 400 சாப்பிடுகிறார். வெள்ளணு எண்ணிக்கை சீக்கிரமே சரியாகிவிட்டது. பி.சி.ஆர்–ஏ.பி.எல். (BCR-ABL) டெஸ்ட்டில் மூன்றாம் மாதம் 7.2 சதவீதம், இப்போது 1.4. ஆனால் எல்.டி.எச். 310 என்று தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. நாத்தனார் மகன், ‘ரத்தத்தில் புரதம் பார்த்தாலே போதும், எதற்கு அந்தப் பெரிய டெஸ்ட்?’ என்கிறான். மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?
– பெயர் வேண்டாம், மன்னார்குடி

டாக்டர் பதில்: அந்த 310-ஐ முதலில் ஓரமாக வையுங்கள் அம்மா. எல்.டி.எச். எல்லாச் செல்லிலும் இருக்கும் நொதி. ஈரல், தசை, எது அடிபட்டாலும் ஏறும். ஏன், ரத்தம் எடுக்கும் விதத்திலேயே ஏறும்! மெல்லிய ஊசியில் சிரிஞ்சை வேகமாக இழுத்து, குழாயைக் குலுக்கி அனுப்பினால் சிவப்பணுக்கள் உடைந்து, ரத்தம் உறைந்தபின் பிரியும், இளமஞ்சளாக இருக்க வேண்டிய நீர், அதாவது சீரம், ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்துவிடும். அதில் பார்த்தால் நோயே இல்லாதவருக்கும் அதிகமாகத்தான் காட்டும். தீவிர வகை ரத்தப் புற்றுநோயில் நோயின் சுமையைத் தோராயமாக அறிய எல்.டி.எச். உதவும். சி.எல்.எல். என்ற இன்னொரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதத்தைப் பார்ப்போம். சிறுநீரகம் மந்தமானால் அதுவும் ஏறிவிடும். உங்கள் வீட்டுக்காரர் குணமாகி வருவதை அளக்க இரண்டுமே உதவாது.

நாத்தனார் மகன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. இந்த நோய்க்குக் காரணமே ஒரு புரதம்தான். 9, 22-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதில் பிறந்த பி.சி.ஆர்–ஏ.பி.எல். இமாடினிப் அதன் வேலையைத்தான் முடக்குகிறது. ஆனால் அது சீரத்தில் மிதப்பதில்லை, வெள்ளணுவுக்குள் இருக்கிறது. அணுவை உடைத்து எடுக்கப் போனால், கூடவே வெளிவரும் நொதிகள் அதைச் சிதைத்துவிடுகின்றன. அதனால்தான் அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லும் ஆர்.என்.ஏ.வை அளக்கிறோம். கொரோனாவுக்கு மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்களே, அதே தொழில்நுட்பம்தான். ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை சரியான பிறகும் ஒளிந்திருப்பவற்றை இது காட்டிக்கொடுக்கும்.

இப்போது 1.4-க்கு வருவோம். சர்வதேச அளவுகோலில் 3 மாதத்தில் 10-க்குள், 6 மாதத்தில் 1-க்குள், ஓராண்டில் 0.1-க்குள் வர வேண்டும். 1.4 தோல்வி இல்லை. ஆனால் எனக்குத் திருப்தியும் இல்லை. அவரைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள்: மாத்திரை விட்டுப்போகிறதா? கல்யாணம், வெளியூர்ப் பயணம் என்று நாலு நாள் விடுவது, குமட்டுகிறது என்று பாதியாக உடைத்துப் போடுவது எல்லாம் நடக்கும். சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்து விழுங்கினால் குமட்டல் குறையும். ஒழுங்காகச் சாப்பிட்டும் ஓராண்டில் 1-க்கு மேலேயே நின்றால், மரபணுத் திரிபு பார்த்து தாசாடினிப், நிலோடினிப் போன்ற வேறு மாத்திரைக்கு மாற்றுவார்கள்.

செலவு புரிகிறது. இமாடினிப்பின் அசல் பிராண்டான க்ளிவெக்கின் காப்புரிமையை 2006-ல் சென்னை காப்புரிமை அலுவலகம் மறுத்து, 2013-ல் உச்ச நீதிமன்றமும் மறுத்ததால்தான் இந்தியக் கம்பெனிகளின் இமாடினிப் இன்று கைக்கெட்டும் விலையில் இருக்கிறது. அந்த மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டில் சிக்கனம் வேண்டாம். எப்போதும் ஒரே லேபில் எடுங்கள். லேப் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும்.

நிறுத்தும் பேச்சு இப்போது வேண்டாம். சில வருடம் மாத்திரை சாப்பிட்டு, 0.01-க்குக் கீழே இரண்டு வருடமாவது நிலையாக நின்றவர்களுக்கே அந்த முயற்சி. அவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். மறுபடி மாத்திரையைத் தொடங்கினால் அநேகமாக எல்லோருக்கும் அடங்கிவிடும். அடுத்த டெஸ்ட்டை மூன்று மாதத்தில் எடுத்து, பழைய ரிப்போர்ட் இரண்டையும் சேர்த்து உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.