ஆடையவிழ்ப்பு நடனம் பெண்ணுக்கு விடுதலையா, சுரண்டலா? பெண்ணியம் என்ன சொல்கிறது?

ஒரே குரலில் எதுவும் சொல்லவில்லை. ஆண் பார்வைக்குப் பெண்ணுடலைச் சரக்காக்கும் தொழில் என்றார்கள் அமெரிக்கப் பெண்ணிய எழுத்தாளர் ஆண்ட்ரியா ட்வார்கின் போன்றவர்கள். இதுவும் உழைப்புதான், உரிமை கொடுங்கள் என்பது எதிர்த்தரப்பு. இந்த வாதத்தைவிட சான் பிரான்சிஸ்கோவின் லஸ்டி லேடி அரங்கின் கதை எனக்கு அதிகம் புரியவைத்தது.

அங்கே சின்னச் சின்ன அறைகள். உள்ளே நின்று காசு போட்டால் தடுப்பு மேலே ஏறும். கண்ணாடிக்கு அப்பால் பெண்கள் ஆடுவார்கள். சில அறைகளில் ஒருவழிக் கண்ணாடி. ஆடுபவருக்கு எதிரே இருப்பவர் தெரியாது, அவர் திருட்டுத்தனமாகப் படம் பிடித்தாலும் தெரியாது. நடனக்காரிகள் கொதித்தது முதலில் இதற்குத்தான். அடுத்தது ஷிஃப்ட். கறுப்பினப் பெண்களுக்கு நல்ல நேரம் கிடைப்பது குறைவு. நம்மூர் மணமகள் தேவை விளம்பரத்தின் 'சிவந்த நிறம்' அங்கே சம்பளக் கணக்காகவே மாறியிருந்தது!

1996-ல் தொழிற்சங்கம் அமைக்க வாக்களித்தார்கள், 1997-ல் ஒப்பந்தம் போட்டார்கள். 2003-ல் ஊழியர்களே வாங்கிக் கூட்டுறவாக நடத்தினார்கள். ஆனாலும் பருமனான பெண்கள் ஆடுவதால் வசூல் குறைகிறது என்று உள்ளுக்குள்ளேயே புகைச்சல் கிளம்பியது. முதலாளி போனாலும் காசு போடுகிற ஆளின் ரசனை போகவில்லையே. இந்த இடத்தில் ட்வார்கின் தரப்பு சொல்வதிலும் நியாயம் இருப்பதாகப் படுகிறது. அதற்காக சங்கம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கண்ணாடியை மாற்றவைத்தது அதுதானே.

அரங்கு 2013-ல் மூடப்பட்டது.